கவனம் இருந்தால் கை இருக்கும்

1. நான் எழுதிய முதல் வரி

ஒரகடத்தில் நான் வேலை பார்த்த பிரஸ் ஷாப்பில் மூன்றாம் நம்பர் மெஷினின் சென்சார் வேலை செய்யவில்லை. தகட்டை அழுத்தும் டைக்கு அடியில் கை இருந்தால் மெஷினை நிறுத்த வேண்டியது அந்த சென்சார்தான். அது அடிக்கடி லைனை நிறுத்துகிறது என்று மெயின்டெனன்ஸ்காரர்களே அதன் வயரைப் பிரித்து பைபாஸ் செய்துவிட்டுப் போனார்கள். அந்த மெஷினில் நின்றவள் மாரி. தென்காசிப் பக்கத்துப் பெண், மண்ணூரில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தாள்.

"ஏக்கா, கைய உள்ள விடவே பயமா இருக்கு. சொன்னா கேக்க மாட்டுக்காங்க" என்பாள். நானும் சூப்பர்வைசரிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

அந்தச் சமயத்தில் பாதுகாப்பு வாரம் வந்தது. எல்லோரும் ஒரு ஸ்லோகன் எழுத வேண்டும். மேனேஜர் படிப்பாராம். நான் எழுதினேன்: 'மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் சென்சார் வேலை செய்யவில்லை.'

ஹெச்.ஆர். அதிகாரி கூப்பிட்டார். "என்னம்மா, ஸ்லோகன் கேட்டா கம்ப்ளைன்ட் எழுதிருக்க?"

"நெசமாவே வேலை செய்யல சார். வேற இன்னா எழுதறது?"

"இதுல எதுகை இல்ல, மோனை இல்ல. மத்தியானம் கேன்டீன்ல கிளாஸ் இருக்கு, போய் உட்காரு."

2. கிளாஸ்

வெளியிலிருந்து ஒரு டிரெயினர் வந்திருந்தார். முதலெழுத்து ஒன்றி வந்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் எதுகை என்றார். உவமைக்கு ஓர் உதாரணமும் சொன்னார்: "மெஷின் தாய் மாதிரி. நீங்க அதைப் பார்த்துக்கிட்டா, அது உங்களைப் பார்த்துக்கும்."

மாரி என் காதருகே, "எங்கம்மா கைய நசுக்க மாட்டா" என்றாள்.

பொய் சொல்வானேன், எனக்கு அந்தக் கிளாஸ் பிடித்திருந்தது. பத்தாவதோடு நின்றுபோன தமிழ் நாக்கில் இனித்தது. அங்கேயே எழுதினேன்: 'கவனம் இருந்தால் கை இருக்கும், கவலை இல்லா வாழ்விருக்கும்.' முதல் பரிசு, ஒரு ஹாட்பாக்ஸ். வரியை போர்டாக்கி மூன்றாம் நம்பர் மெஷினுக்கு மேலேயே மாட்டினார்கள்.

மாரி நிமிர்ந்து படித்தாள். "நல்லாத்தான் இருக்கு. சென்சார் எங்கக்கா?"

3. விசாரணை

தீபாவளி ஆர்டர் நெருக்கத்தில் அந்த மெஷின் அவள் வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் அவள் சொன்னது, "கவனமாத்தான்க்கா இருந்தேன்."

விசாரணையில் மேனேஜர் போர்டைக் காட்டிப் பேசினார். "தமிழ்ல, பெருசா, தலைக்கு மேலயே போட்டிருக்கோம். கவனம் இல்ல, கை போச்சு."

நான் எழுந்தேன். "அத எழுதுனது நான்தான் சார். சென்சார் வேலை செய்யலன்னு அதுக்கு முன்னாடியே எழுதிக் குடுத்தேன்."

"அது செலக்ட் ஆகலம்மா" என்றார் ஹெச்.ஆர்.

'ஆபரேட்டரின் கவனக்குறைவு' என்று முடித்தார்கள். மாரியை மறுபடி வேலைக்குக் கூப்பிடவில்லை. அவள் ஊருக்குப் போன அதே வாரம் புது சென்சார் வந்தது. போர்டை மட்டும் யாரும் கழற்றவில்லை.

புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்குச் சொல்கிறேன். பாட்டு எழுத ஆசையிருந்தால் வீட்டில் எழுதுங்கள். கம்பெனியில் எது கெட்டிருக்கிறதோ, அதன் பேரைச் சொல்லி எழுதுங்கள். எதுகை இல்லை என்பார்கள். இல்லாமலே இருக்கட்டும்.