ரெண்டாயிரம் சிப்பாய்களும் ஓர் ஆறும்

ஆபீஸில் எல்லோரும் அவரை ‘மில்லி’ என்றுதான் கூப்பிடுவார்கள். திரையில் ஒரு படம் பதினாறு மில்லிசெகண்டுக்குள் வரைந்து முடியவில்லை என்றால் அவருக்குச் சோறு இறங்காது. அப்படி ஒரு மனுஷன்.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் அவரும் அவர் மனைவியின் அண்ணனும் சேர்ந்து, ஒரு மருந்துக்கடை மாடியில், பெரிய கம்ப்யூட்டர் போர் விளையாட்டு ஒன்றைத் தொடங்கினார்கள். எந்த கம்ப்யூட்டர் மொழியில் எழுதுவது என்பதில்தான் முதல் சண்டை. மச்சானுக்கு சி ஷார்ப் தண்ணி பட்ட பாடு. மில்லிக்கு சி பிளஸ் பிளஸ்தான் உயிர். கடைசியில் ஒரு போட்டி வைத்துக்கொண்டார்கள். அவரவர் மொழியில் எழுதி, திரையில் ரெண்டாயிரம் சிப்பாய்களை ஆற்றைக் கடக்க வைக்க வேண்டும், இருவருக்கும் ஒரு வாரம்; யாருடையது வேகமோ அந்த மொழிதான்.

மச்சானுடைய சிப்பாய்கள் நடு ஆற்றில் விக்கல் எடுத்தவர்கள் மாதிரி நின்று நின்று போனார்கள். மில்லியுடையவர்கள் வழுக்கிக்கொண்டு போனார்கள். மச்சான் தோல்வியை ஒப்புக்கொண்டு, முப்பத்தெட்டு வயதில் சி பிளஸ் பிளஸ் புத்தகத்தைக் கையில் எடுத்தார். அந்த மொழியில் கம்ப்யூட்டரிடம் வாங்கிய மெமரியை நாமேதான் திருப்பித் தர வேண்டும்; அதை மறந்து, வாரத்துக்கு நாலு முறை விளையாட்டையே படுக்கவைத்தார். அந்த மாடியறையின் வெக்கையும் இருவரும் கத்திய கத்தலும் இன்று நினைத்தாலும் மில்லிக்கு இனிக்கும். கூடவே ஒரு முள்ளும் குத்தும்.

இப்போது அடுத்த விளையாட்டு. புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆளுக்கொரு மொழி சொன்னார்கள். மச்சான் கையமர்த்தினார். “மாப்ள அன்னைக்கு வச்ச மாதிரி ஒரு சோதனை வச்சுப் பார்த்துடலாம். அவரு கணக்குத் தப்பாது.”

மில்லிக்கு முகம் சுண்டிப்போனது. இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் தான் மனுஷனே இல்லை என்று தோன்றியது. எல்லோரும் போகும்வரை காத்திருந்தார்.

“மச்சான், அன்னைக்கு நான் ஏமாத்திட்டேன். சிப்பாய்ங்க ஒருத்தர் மேல ஒருத்தர் மோதுறாங்களான்னு பார்க்கிற வேலையை அணைச்சு வச்சிருந்தேன். அதான் வேகமா போச்சு.”

“தெரியும். அன்னைக்கு சாயங்காலமே நீ எழுதின புரோகிராமைத் திறந்து பார்த்தேன்.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

மச்சான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சொல்லியிருந்தா என் மொழியில எழுதியிருப்போம். நீ மனசில்லாம எழுதியிருப்ப. உனக்குப் பிடிச்சதுல எழுதும்போது நீ சாப்பிடக்கூட எழுந்திரிக்க மாட்ட. நான் எதுல எழுதினாலும் அஞ்சு மணிக்குக் கிளம்புற ஆளு. ஆட்டத்தை முடிக்கப்போறது யாருன்னு பார்த்தேன், அவ்வளவுதான்.”

 ஒவ்வொரு முறை விளையாட்டு படுத்தபோதும், “இதுகூடத் தெரியாதா மச்சான்?” என்று எத்தனை பேர் முன்னால் தான் கேட்டிருப்போம் என்று மில்லி எண்ணிப் பார்த்தார். எண்ணி முடியவில்லை.