மொட்டை மாடி யாருடையது

என் சொந்தத் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க இன்னொருவர் வாசலில் நின்று சாவி கேட்டிருக்கிறேன். இதை எழுதும்போதும் காது சூடாகிறது.

அலுவலகத்தில் என்னோடு மதியம் சாப்பிடுகிறவர்கள் ‘வாடகை வருமானம்’ என்ற சொல்லைத் தயிர் சாதத்தோடு பிசைந்து சாப்பிடுகிற ஆட்கள். “தூங்கும்போதும் பணம் வரும்” என்றார்கள். எனக்குத் தூக்கம் நன்றாக வரும். அந்த ஒரே தகுதியை நம்பி முதலீட்டாளர் ஆனேன்.

நாங்கள் இருப்பது தில்லி துவாரகாவில், சொசைட்டி ஃப்ளாட். அங்கேயே இன்னொன்று வாங்க வசதியில்லை. துவாரகா மோட் மெட்ரோவுக்குப் பின்னால் ஒரு சந்தில், தீப்பெட்டிகளை அடுக்கியது போன்ற ஒல்லியான கட்டடத்தில் இரண்டாவது மாடியை வாங்கினேன். ஒவ்வொரு மாடிக்கும் தனித்தனிச் சொந்தக்காரர். வாங்குவதற்கு முன் நான் கேட்காத கேள்வி இல்லை. மெட்ரோவுக்கு எவ்வளவு நடக்க வேண்டும், அடுப்படியில் வெயில் விழுமா, வாசல் எந்தத் திசை, கீழ்வீட்டு நாய் கடிக்குமா. தரகர் களைத்துப்போய், “சார்ஜி, சாய் குடிங்க” என்று வாயை அடைத்தார்.

கேட்காமல் விட்டது ஒன்றே ஒன்று. மொட்டை மாடி யாருடையது?

நம் ஊரில் யார் இதைக் கேட்பார்கள்? படிக்கட்டு முடிகிற இடத்தில் மொட்டை மாடி இருக்கும். வடாம் காயும், துணி காயும், வீட்டில் பேச முடியாத போன் பேச்செல்லாம் அங்கே நடக்கும். ஆனால் தில்லியில் அதை ‘சத்’ என்று சொல்லித் தனியாக விற்கிறார்கள். மேல்மாடிக்காரர் அதையும் சேர்த்து வாங்கிக் கதவுக்குப் பூட்டுப் போட்டுக்கொள்கிறார். மற்றவர்களுக்கு அங்கே ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்துக்கொள்ள மட்டும் அனுமதி. தில்லியில் பிறந்து வளர்ந்த என் மனைவிக்கு இது தெரியும். “நீங்க கேட்டிருப்பீங்கன்னு நெனச்சேன். நாயைப் பத்தியே கேட்டீங்களே” என்றாள்.

முதல் குடித்தனம் திருநெல்வேலிப் பக்கத்து இளம் தம்பதி. அவனுக்கு குர்கானில் ஐடி வேலை. கையில் பெண் குழந்தை, அப்போதுதான் குப்புற விழப் பழகியிருந்தது. என்னிடம் வருவதற்கு முன் ஒரு வீட்டில் மீன் சமைப்பார்கள் என்று மறுத்தார்களாம், இன்னொன்றில் குழந்தை அழும் என்று மறுத்தார்களாம். எனக்கு உடம்பெல்லாம் பெருந்தன்மை ஏறிவிட்டது. “மீனும் பொரிங்க, பாப்பாவும் அழட்டும். ஒரு குறையும் வராது தம்பி, நான் இருக்கேன்” என்றேன். இனிப்புப் பெட்டி வேறு வாங்கிக்கொண்டு போனேன். வாடகைக்கு விடுகிறவர் இனிப்பு கொடுப்பதை அந்தச் சந்து அன்றுதான் முதலில் பார்த்திருக்கும்.

மே மாதம் போன் வந்தது.

“அண்ணாச்சி, நேத்துலேருந்து கொழாய்ல ஒரு சொட்டு வரல. பாப்பாவக் குளிப்பாட்டக்கூட வழியில்ல.”

பிளம்பரை அழைத்துக்கொண்டு போனேன். மொட்டை மாடிக் கதவில் ஆப்பிள் அளவுக்கு ஒரு பூட்டு. மூன்றாவது மாடி மணியை அடித்தேன். அரசு வேலையில் ஓய்வு பெற்ற பெரியவர், வெள்ளைக் குர்தா, கையில் டிவி ரிமோட். நாங்கள் பேசியது இந்தியில்.

“அங்கிள்ஜி, மேலே சாவி வேணும். தண்ணி வரலை.”

“வராது. நான்தான் வால்வை மூடினேன்.”

ஏதோ எனக்கு உதவி செய்தது போன்ற குரல்.

“ஏன்ஜி?”

“உன் தொட்டி நிரம்பி வழிஞ்சு என் சத் முழுக்க ஈரம். என் பூந்தொட்டியெல்லாம் நனைஞ்சு போச்சு.”

பூந்தொட்டி நனைவது ஒரு குற்றம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். “உள்ளே மிதவை கெட்டிருக்கும், மாத்திட்டா வழியாது. பிளம்பர் வந்திருக்கார், சாவி கொடுங்க” என்றேன்.

“சண்டே வா.”

“அங்கிள்ஜி, கைக்குழந்தை இருக்கு. தொட்டி என்னுது.”

“தொட்டி உன்னுது, பேட்டா. அதுக்குக் கீழே இருக்கிற தரை என்னுது. தரையை மிதிக்காம தொட்டிகிட்ட போக முடியும்னா, போ.”

கதவு மூடியது. பிளம்பர் என்னைப் பார்த்த பார்வையில் ஏளனம்கூட இல்லை, வெறும் இரக்கம். கோபம் வந்தால் எனக்கு இந்தி ஓடிவிடும். படியிறங்கும்போது அந்தப் பெரியவரின் ஏழு தலைமுறையையும் சுத்தமான மதுரைத் தமிழில் விசாரித்தேன். கேட்டதெல்லாம் கீழ்வீட்டு நாய்தான். அது கடிக்கவில்லை.

தரகருக்குப் போன் போட்டுக் கத்தினேன். “சார்ஜி, சத் பத்தி நீங்க கேக்கவே இல்லியே” என்றார். போலீஸுக்குப் போகலாமா? “போகலாம். வருவாங்க, மூணாவது மாடி சோபாவுல உக்காந்து சாய் குடிப்பாங்க, போயிடுவாங்க.” பூட்டை உடைத்தால்? “அப்ப நீங்க சாய் குடிக்கிற எடமே வேற, சார்ஜி.” சட்டம், நியாயம், மனிதத்தன்மை எல்லாம் அந்த ஆப்பிள் பூட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்று தோன்றியது.

அதன்பின் தூங்கும்போது பணம் வரவேண்டிய நான், விடிவதற்குள் எழுந்து எங்கள் வீட்டுக் குழாயில் கேன் கேனாகப் பிடித்து, காரில் ஏற்றி, அங்கே இரண்டு மாடி சுமந்தேன். என் மனைவி வாசலில் கைகட்டி நின்று பார்த்தாள்.

“அச்சா, இன்வெஸ்டர் சாப் ட்யூட்டிக்குக் கெளம்பியாச்சா? ஜல்தி போங்க, கஸ்டமர் காத்திட்டிருப்பாங்க.”

சிரித்துவிட்டு அவளும் ஒரு கேனைத் தூக்கிக் காரில் வைத்தாள்.

சனிக்கிழமை, கேனை இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். அந்தத் தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னான்.

“அண்ணாச்சி, நீங்க படுத பாடு தெரியுது. ஆனா பாப்பாவுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. நாளைக்குச் சரியாவலன்னா நாங்க வேற வீடு பாக்கோம். கோவிச்சுக்கிடாதீங்க.”

கோவிச்சுக்கிடாதீங்க! அவனல்லவா என் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். மீனுக்கும் அழுகைக்கும் துரத்தப்பட்டவர்களை, ‘நான் இருக்கேன்’ என்று அழைத்து வந்து, தண்ணீரில்லாமல் நான் துரத்தப்போகிறேன். மற்ற வீட்டுக்காரர்களாவது வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

ஞாயிறு காலை மணியை அடித்தேன். அங்கிள்ஜி புன்னகையோடு கதவைத் திறந்தார். “சாவி மகன்கிட்ட இருக்கு. அவன் ஹரித்வார் போயிருக்கான். அடுத்த சண்டே வா.”

அடுத்த சண்டே. அந்த மனிதரின் பின்னால், குளிர்சாதனம் ஓடும் அறையில், ஒரு பெரிய கண்ணாடி ஜாடியில் எலுமிச்சைத் துண்டு மிதக்கிற தண்ணீர் இருந்தது.  இன்னும் நின்றிருந்தால் மதுரைத்தமிழ்தான் வந்திருக்கும்.

இறங்கிவந்து என் மாடியின் பால்கனியில் நின்றேன். பக்கத்துச் சுவரை ஒட்டி, என் தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுபோகிற குழாய் மேலே ஏறுகிறது. தினமும் கேனோடு அதைக் கடந்துதான் போயிருக்கிறேன். பிளம்பரைக் கூப்பிட்டேன்.

“பையா, இந்தக் குழாயை இங்கேயே வெட்டி, இங்கேயே ஒரு தொட்டி வச்சா?”

“உயரமா ஸ்டாண்ட் போடணும். அப்பவும் ஷவர் வராது, குழாய் வரும்.”

“குழாய் போதும்.”

வெல்டிங் கடைக்காரரை வீட்டிலிருந்தே கிளப்பிக்கொண்டு வந்தோம். மாலைக்குள் பால்கனியில் இரும்புக் கால்கள், அதன்மேல் குட்டி யானை போல ஒரு கறுப்புத் தொட்டி. மோட்டாரைப் போட்டோம். உள்ளே முதல் தண்ணீர் விழுந்த சத்தம் கேட்டதும் தம்பியின் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். குழந்தை வீறிட்டு அழுதது. அழட்டும் என்று நான்தானே சொல்லியிருந்தேன்.

அரைமணியில் அங்கிள்ஜி இறங்கி வந்தார். தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார். கட்டடத்தின் முகப்பு அவருக்கு உயிர்.

“இது என்ன அசிங்கம்? முகப்பே கெட்டுப் போச்சு! யாரைக் கேட்டு வச்சே?”

இந்த ஒரு வாக்கியத்தை நான் இந்தியில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். “அங்கிள்ஜி, தொட்டி என்னுது. அதுக்குக் கீழே இருக்கிற தரையும் என்னுது.”

ஜெயித்த சந்தோஷம் எனக்கு வரவில்லை. தன் தொட்டியில் தண்ணீர் பிடிக்க ஒருவன் பால்கனியை இழக்க வேண்டுமா? மேலே என் பழைய தொட்டி இப்போதும் காலியாகக் கிடக்கிறது. அதைச் சுற்றிப் பூந்தொட்டிகள் நனையாமல் பத்திரமாக இருக்கும்.

அந்தப் பெண் துண்டால் குழந்தையின் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள்.

“அண்ணாச்சி, தண்ணி வந்துட்டு. இனி எங்கயும் போவல. ஆனா பாப்பா துணிய எங்க காயப்போட?”

பால்கனியைப் பார்த்தேன். மிச்சம் இருந்தது தெருவைப் பார்த்த கம்பி மட்டும்தான். கீழே அங்கிள்ஜி இன்னும் முகப்பை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

“இரும்மா” என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன். கயிறு வாங்கினேன். கட்டடத்தின் முகப்பு முழுக்க வருகிற மாதிரி, நல்ல நீளமான கயிறு.