அப்பா சுவிட்சில் மாட்டிவிட்டுப் போன அட்டை

அப்பா லிஃப்ட் மெக்கானிக். நாற்பத்தோரு வருடம் அதே வேலை. வீட்டில் அளந்துதான் பேசுவார். மிச்சம் பிடித்த பேச்சையெல்லாம் சனிக்கிழமை மதியம் தெருமுனை முடிதிருத்தும் கடையில் கொண்டுபோய்க் கொட்டுவார்.

இரண்டு சுழல் நாற்காலி, ஒரு பெஞ்சு, கண்ணாடிக்கு மேலே டி.வி. கடைக்காரர் அப்பாவோடு பள்ளியில் படித்தவர். அப்பாவுக்கு அவர் ‘கத்திரி’. அவருக்கு அப்பா ‘லிஃப்ட்டு’. இருவருக்கும் ஒரே கால்பந்து கிளப். அந்தச் சீசனில் அது கடைசிக்கு முந்தின இடத்தில் கிடந்தது. கடைசி மூன்று இடத்தில் முடிப்பவர்கள் அடுத்த வருடம் கீழ் டிவிஷனில் ஆட வேண்டும்.

சண்டையெல்லாம் கோச்சைப் பற்றி.

“அந்தாள இன்னிக்கே மூட்டை கட்டி அனுப்பணும். எண்பது நிமிஷம் வரைக்கும் ஒருத்தனையும் மாத்த மாட்டேங்கிறான். அஞ்சு டிஃபெண்டர நிக்க வெச்சுட்டு, கோல் எங்கடான்னு தேடுறான்.”

“மூணு வருஷத்துல நாலு கோச் மாத்தியாச்சுடா கத்திரி. கோளாறு எங்கன்னு பாக்காம மோட்டார மட்டும் மாத்திட்டே இருப்பியா?”

“நீ பாத்துட்டே இரு. கீழ போறதுக்கு மட்டும் லிஃப்ட் ஜோரா ஓடுது.”

ஒருமுறை மூன்றாவது கோல் வாங்கியதும் கடைக்காரர் வெறுத்துப்போய் டி.வி.யை அணைத்துவிட்டார். அணைந்திருந்த இருபது நிமிடத்தில் எங்கள் ஆட்கள் மூன்று கோல் திருப்பிப் போட்டார்கள். அப்பா அதை மன்னிக்கவே இல்லை. அடுத்த சனிக்கிழமை தன் வேலைப் பையிலிருந்து ஓர் ஆரஞ்சு நிற அட்டையை எடுத்து டி.வி. சுவிட்சில் மாட்டினார்.

லிஃப்ட் பள்ளத்தில் இறங்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்து அதில் மாட்டுகிற அட்டை அது. ‘ஆள் வேலையில். தொடாதே.’ கீழே அப்பாவின் பெயர். மாட்டியவரே வந்து எடுக்க வேண்டும். கட்டட முதலாளியே வந்தாலும் தொடக்கூடாது. தொட்டால் உள்ளே இருப்பவர் நசுங்குவார். நான் துணைமின் நிலையத்தில் பொறியாளர். எங்களுக்கும் அதே விதி. பத்தொன்பது வருடத்தில் இன்னொருவர் அட்டையை நான் தொட்டதில்லை.

“அது அணைச்ச சுவிட்சுக்குப்பா. எரியிறதுக்கு மாட்டக் கூடாது.”

“தொடாதேன்னுதானே எழுதியிருக்கு?”

அவரோடு வாதாட முடியாது.

அந்தச் சீசன் முழுக்க ஆட்டம் தொடங்கும்போது மாட்டுவார். கடைசி விசிலுக்குக் கழற்றுவார். கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு பார்ப்பார்.

சீசன் பாதியில் அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மூன்றாம் மாடி ஏறுவதற்குள் இரண்டு முறை நிற்பார், நெஞ்சில் கை வைத்துக்கொண்டு. இதய மருத்துவரிடம் தேதி வாங்கினேன். மேட்ச் என்று தள்ளிப்போட்டார். மறுபடி வாங்கினேன். மறுபடி மேட்ச்.

“ஊருக்கெல்லாம் தேய்மானத்த முன்னாடியே பாருங்கன்னு சொல்றீங்க. உங்களுக்கு?”

“சீசன் முடியட்டும்மா.”

மூன்றாவது தேதி சனிக்கிழமை நாலரை மணி. ஆட்டம் மூன்றுக்குத் தொடக்கம். இடைவேளையில் கிளம்பிவிடுவதாகச் சத்தியம் செய்தார். நாலு மணிக்குக் காரோடு போய் நின்றேன். பெஞ்சை விட்டு எழவில்லை. ஆட்டம் பூஜ்யத்துக்குப் பூஜ்யம்.

“லிஃப்ட்டு, பாப்பா வந்திருக்கு, கிளம்பு. இவனுங்க ஒண்ணும் கிழிக்கப் போறதில்ல” என்றார் கடைக்காரர். நாற்பது வயதில் என்னைப் பாப்பா என்று கூப்பிடும் ஒரே ஆள்.

“இருடா. இப்ப ஆள மாத்துவான் பாரு.”

நாலு இருபது ஆனது. “அப்பா, அணைச்சிடுவேன்” என்று சுவிட்சை நோக்கிக் கையைக் கொண்டுபோனேன். அட்டை தொங்கியது. அவர் கையெழுத்து. கை நின்றுவிட்டது.

அப்பா பார்த்தார். சிரித்தார். “எம் பொண்ணுடா, கத்திரி. தொட மாட்டா.”

வேறு யாராக இருந்தாலும் அணைத்திருப்பார்கள். நான் உட்கார்ந்தேன்.

எண்பத்தெட்டாவது நிமிடத்தில் கோச் ஆளை மாற்றினார். புதிதாக வந்தவன் எதிரணிக்குப் பெனால்டி வாங்கிக் கொடுத்தான். தோற்றோம். அப்பா வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு வெளியே போனார். நாற்பத்தோரு வருடத்தில் முதல் தடவையாக அட்டையைக் கழற்ற மறந்தார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் மருத்துவர் கிளம்பிவிட்டிருந்தார். அடுத்த தேதி பன்னிரண்டு நாள் கழித்து.

ஐந்தாம் நாள், வியாழக்கிழமை காலை, அடுப்பில் தண்ணீர் கொதிப்பதற்குள் சமையலறைத் தரையில் இறந்துபோனார்.

கடைசி ஆட்டத்தன்று கடைக்குப் போனேன். டி.வி. எரிந்துகொண்டிருந்தது. சுவிட்சில் அட்டை.

“மூணு வாரமா ராப்பகலா எரியுது பாப்பா. எம் பொண்டாட்டி கரிச்சுக் கொட்டுறா. சனிக்கிழமை வந்து எடுத்துப்பான்னுதான் விட்டேன். அப்புறம் நான் எப்படித் தொடுறது?”

அவர் பிளக்கைக்கூடப் பிடுங்கவில்லை. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. தொடாமல் இருப்பதில் நாங்கள் எல்லாரும் கெட்டிக்காரர்கள்.

சமன் செய்தால் போதும், கிளப் தப்பிக்கும். இரண்டுக்கு ஒன்று தோற்றது. கீழே போயாயிற்று. விசில் ஊதியதும் நான் எழுந்தேன். மாட்டியவர் வர முடியாதபோது என்ன செய்வது என்பதற்கும் விதி இருக்கிறது.

“உள்ள இருக்கானான்னு மூணு தடவ கூப்பிட்டுப் பாக்கணும்னு சொல்வானே?” என்றார் கடைக்காரர்.

“இல்லைன்னு உறுதியாத் தெரிஞ்சா கூப்பிட வேண்டாம் மாமா.”

“தெரியுமா?”

“தெரியும்.”

அட்டையின் பின்புறம் எழுதினேன். எடுப்பவர்: என் பெயர். நேரம்: 4.52. காரணம்: மாட்டியவர் பணித்தளத்தில் இல்லை. கையெழுத்துப் போட்டேன். கழற்றினேன். டி.வி.யை அணைத்தேன். மூன்று வாரத்தில் முதல் முறையாகத் திரை கறுத்தது.

“நீங்க சொன்னதுதான் சரி மாமா” என்றேன். “அந்தாள அப்பவே அனுப்பியிருக்கணும். நேரத்துக்கு மாத்தத் தெரியாதவன் எல்லாம் ஒரு கோச்சா?”

கடைக்காரர் துண்டை உதறி நாற்காலியில் போட்டார்.

“என்ன பேசுற நீ? மூணு வருஷத்துல நாலு கோச். கோளாறு எங்கன்னு பாக்க வேணாமா? மோட்டார மட்டும் மாத்திட்டே இருந்தா ஆச்சா?”

“எண்பத்தெட்டாவது நிமிஷம் மாமா! அதுவரைக்கும் என்னத்த பாத்துட்டிருந்தான்?”

“கத்தாத. பொறுமையா இருந்திருக்கான்.”

“பொறுமையா?”

முடி வெட்ட வந்த ஒருவர் வாசலில் நின்று எங்களைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார். நாங்கள் நிறுத்தவில்லை.