தம்பியின் நாடி

இதயத்தில் ஒடுங்கிப்போன வால்வை மதராஸில் விரித்துவிட்ட பிறகு எனக்கு மூச்சு வாங்குவது நின்றது. ஆனால் துடிப்பு ஒழுங்காக வரவில்லை. மூன்று அடி ஓடிவரும், ஒன்று காணாமல் போகும், பிறகு நெஞ்சுக்குள் யாரோ தடுக்கி விழுந்ததுபோல் ஒரு பெரிய அடி. "இதோட வாழப் பழகிக்கணும்" என்றார் டாக்டர். காலையில் எழுந்ததும் ஒரு நிமிஷம் நாடியை எண்ண வேண்டும். அறுபதுக்குக் குறைந்தால் அன்றைக்குத் துடிப்பை அடக்கும் மாத்திரை கிடையாது. பெரிய அருவியில் நிற்கவே கூடாது.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அதனால் நான் மணிக்கட்டில் விரல் வைத்து டைம்பீஸைப் பார்த்து எண்ணும்போது அப்பாவும் அம்மாவும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். எனக்குப் பின்னால் போன தம்பி எட்டாவதோடு படிப்பை நிறுத்தித் தென்னை ஏறப் போய்விட்டான். அந்த ஆனியில் அவனுக்குப் போலீஸ் செலக்‌ஷன் வந்திருந்தது. திருநெல்வேலியில் ஓடிக் காட்ட வேண்டும், மார்பை விரித்துக் காட்ட வேண்டும்.

சாரல் தொடங்கியதும் இருவரும் குற்றாலம் போனோம். நான் சட்டையைக் கழற்றவில்லை. இடது மார்புக்கு அடியிலிருந்து முதுகுவரை தையல் தழும்பு. அவன் துணிகளை மடியில் வைத்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்தேன். எண்ணெய் தேய்ப்பவர் அவன் முதுகில் ஓங்கி அறைந்தார்.

"என்னா ஒடம்புய்யா, தேக்கங்கட்டை! அண்ணாச்சி, நீங்களும் உக்காருதியளா?"

"அண்ணனுக்குப் புலியருவிதான் அண்ணாச்சி. சின்னப்பிள்ளையளோட," என்று தம்பி சிரித்தான்.

கேலிக்குத்தான் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. அவன் பேரருவிக்குள் போனான். அத்தனை தண்ணீர் தலையில் விழுந்தும் அசையவில்லை. அந்த நெஞ்சு எனக்கு வாய்த்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். அதோடு நிற்கவில்லை. அது அவனுக்கு எதற்கு என்றும் நினைத்தேன்.

ஈரத்தோடு வந்து கையை நீட்டினான். "எனக்கும் பாரேன், எப்படி ஓடுதுன்னு."

பிடித்தேன். உலக்கை மாற்றிக் குத்தும் இரண்டு பெண்களின் கைபோல, ஒன்றுகூடப் பிசகவில்லை. என் விரலுக்கே பொறுக்கவில்லை.

"உனக்கும் தப்புதுலே," என்றேன். "நாலுக்கு ஒண்ணு காணல."

"நெசமாவா?"

"பின்ன? எனக்குத் தெரியாதா?"

தென்காசியில் வீடு வந்து சேரும்வரை அவன் நெஞ்சிலிருந்து கையை எடுக்கவில்லை. மறுநாள் ஓடிப் பழகப் போகவில்லை, மரமும் ஏறவில்லை. "மூத்தவன் மேல பட்ட கண்ணு எளையவனையும் பிடிச்சிட்டே" என்று அம்மா மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். காலையில் நான் எண்ணி முடிக்கும்வரை காத்திருந்து, பாய் ஓரத்தில் உட்கார்ந்து கையை நீட்டுவான். "அப்படியேதான் இருக்கு" என்பேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த நான்கு நாளும் எனக்கு ஒரு துணை கிடைத்ததுபோல இருந்தது.

ஐந்தாம் நாள் என் நாடி ஐம்பத்தாறு. எடுத்த மாத்திரையைத் திரும்ப டப்பாவில் போட்டேன்.

"அண்ணே, இன்னைக்கு உனக்கு வேண்டாம்லா? அதை எனக்குத் தா. செலக்‌ஷன் முடியுத வரைக்கும் போட்டுக்கிடுதேன்."

அவன் கை டப்பாவின் மேல் இருந்தது. நல்ல இதயத்துக்கு இது விஷம் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். வெடுக்கென்று பிடுங்கினேன்.

"உனக்கு ஒண்ணும் இல்லலே. நான் பொய் சொன்னேன்."

"எதுக்கு?"

"நீ அருவியில நின்னது எனக்குப் பொறுக்கல."

அவன் தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "நீ சொன்னா டாக்டரு சொன்ன மாதிரில்லா நெனச்சேன்," என்றான். அடித்திருந்தால் தேவலை. பிறகு, "அப்போ இப்ப ஓடலாமா?" என்று என்னிடமே கேட்டான்.

"ஓடுலே."

எங்கள் ஊர்க் கோயிலின் மொட்டைக் கோபுரம் பக்கம் மேல்காற்றை எதிர்த்து அவன் ஓடியதை வாசலில் நின்று பார்த்தேன். பொறாமை அன்றோடு போய்விட்டது என்று எழுத ஆசை. போகவில்லை.

அவன் செலக்‌ஷனில் தேறிவிட்டான். லீவில் வந்தால் இப்போதும் சட்டையை என் மடியில் போட்டுவிட்டுத்தான் பேரருவிக்குள் போகிறான். திரும்பி வந்து, ஈரத்தோடு என்னை ஒட்டி உட்காருகிறான். கையை மட்டும் நீட்டுவதில்லை.