‘வீடு’ என்று எழுதியிருந்த அட்டை

அந்த அட்டை இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம். ஓடு வேய்ந்த ஒற்றை அறை, வாசலில் கவிழ்த்து வைத்த பிளாஸ்டிக் குடம், கொடியில் காயும் பள்ளிச் சீருடை. அடியில் கொட்டை எழுத்தில் ‘வீடு’ என்ற ஒரே சொல். தொண்ணூறுகளின் நடுவில், தனியார் பள்ளிகளுக்குப் பாடநூல் அச்சிட்ட கோவைப் பதிப்பகம் ஒன்றில் நான் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். படம் வரைந்தவர் அங்கே வேலை பார்த்த ஓவியர் அக்கா. கணவரின் மில் மூடியபின் அவருடைய தூரிகையை நம்பித்தான் குடும்பம் ஓடியது. அவர் வரைந்திருந்தது தாங்கள் குடியிருந்த, மில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டைத்தான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மாதிரியைப் பார்த்த பள்ளித் தாளாளர் ஒருவர், பெற்றோர் முகம் சுளிப்பார்கள், பூந்தோட்டத்தோடு மாடி வீடாக இருக்கட்டும் என்றார். முதலாளி அதை அக்காவிடம் சொன்னார். அக்கா குரலை உயர்த்தவில்லை.

“படத்த மாத்தறதுன்னா எழுத்தையும் மாத்தீருங்க. பங்களான்னு போட்டுருங்க. ஊடுன்னா எனக்கு இதுதானுங்க.”

முதலாளி கெட்டவர் அல்லர், களைத்துப்போனவர். பள்ளி திறக்கும் நாள் நெருங்கிவிட்டது. வண்ணப் படம் அச்சேறிவிட்டது, அதன்மேல் எழுத்தை அச்சிடுவது மட்டும்தான் பாக்கி. அக்கா சொன்னதில் பாதியை எடுத்துக்கொண்டார். படத்தை விட்டுவிட்டு எழுத்தை மாற்றினார். அச்சாகி வந்த புத்தகக் கட்டைப் பிரித்துப் பார்த்தபோது அட்டையில் ‘ஏழை வீடு’ என்றிருந்தது.

படத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. ஆனாலும் அந்தக் குடத்தையும் சீருடையையும் அதன்பின் என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. குழந்தைகளுக்கு இரக்கம் வரும் என்று தாளாளர் பாராட்டினாராம். இன்று கணினியில் அட்டைகளுக்குப் படம் பொறுக்குகிறேன். எந்தப் படத்தின் கீழும் ஒரு சொல்லை வைக்கும்போது கை தயங்குகிறது.

அக்கா சில நாள் வேலைக்கு வரவில்லை. பிறகு தூரிகைகளை எடுத்துக்கொண்டு போக வந்தார். மேட்டுப்பாளையத்தில் அண்ணன் வீட்டுப் பக்கம் குடிபோவதாகச் சொன்னார். “உடுங்கக்கா, ஒரு சொல்லுதானுங்களே” என்றேன்.

தன் மகள் படித்த சிறிய பள்ளியிலும் அதே புத்தகம்தான் என்று அக்கா அப்போதுதான் சொன்னார். அட்டையைக் கண்டதும் ‘நம்மூடு’ என்று குதித்தாளாம் குழந்தை. அப்புறம் அடியில் விரலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாக வாசித்தாளாம். வாசித்து முடித்ததும் புத்தகத்தைக் குப்புற வைத்துவிட்டாளாம்.

தூரிகைகளைத் துணியில் சுற்றிக்கொண்டே அக்கா சொன்னார்: “எழுத்துக் கூட்டிப் படிக்க அவளுக்குச் சொல்லிக் குடுத்ததே நாந்தானுங்க.”