‘நகர்ந்து உக்காரு’ பாட்டில் கிட்டார் ஏன் தாமதமாக வருகிறது

எங்கள் பாட்டைப் பற்றிப் பேச வருகிறவர்கள் இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேட்பார்கள். ஏன் அவ்வளவு உச்சத்தில் பாடியிருக்கிறேன்? பாதிப் பாட்டு வரை ஏன் கிட்டாரே இல்லை? கோபத்தைக் காட்டத்தான் அந்த உச்சம் என்று ஒரு கல்லூரி மாணவர் எனக்கே விளக்கியிருக்கிறார். தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். கோபம் இருந்தது உண்மைதான். ஆனால் உச்சத்துக்குக் காரணம் எங்கள் வீட்டு டேப் ரிக்கார்டரின் மோட்டார்.

தொண்ணூறுகளின் நடுவில், கன்னடம் பேசும் ஊரில், தமிழர்கள் நிறைந்த ஜோகுபாளையத்தில் குடியிருந்தோம். அண்ணன் ட்ரம்ஸ் வாசிப்பான். அவனுடைய சிநேகிதர் கிட்டார் வாசிப்பார், பாடவும் செய்வார். பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் நிலைக்கவே இல்லை. கிட்டார்க்காரரின் அப்பாவுக்கு சாமியானா, நாற்காலி வாடகைக்கு விடும் தொழில். அந்தக் குடோனில், சுருட்டி வைத்த ஜமுக்காளங்களுக்கு நடுவில்தான் பிராக்டீஸ். ஜமுக்காளம் பாதிச் சத்தத்தை விழுங்கிவிடும் என்பதால் அக்கம்பக்கத்தார் எங்களைச் சகித்துக்கொண்டார்கள்.

ஆங்கில ராக் பாட்டுகளைக் கேசட்டில் கேட்டுத்தான் கற்றுக்கொள்வார்கள். எங்கள் டேப் ரிக்கார்டர் ஒருமுறை படுத்துவிட்டது. ரிப்பேர்காரர் வேறு எதிலிருந்தோ ஒரு மோட்டாரைக் கழற்றி அதில் மாட்டிக் கொடுத்தார். ஓடியது. கொஞ்சம் வேகமாகவே ஓடியது, அதனால் பாட்டின் சுருதியும் மேலே ஏறிவிட்டது. அது யாருக்கும் உறைக்கவில்லை. சுருதி பார்க்கும் கருவியெல்லாம் எங்களிடம் ஏது? டேப்பை ஓடவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, அதோடு சேரும்வரை கம்பியை முறுக்குவார் கிட்டார்க்காரர். கம்பி அடிக்கடி அறுந்தது. மட்டமான சரக்கு என்று கடைக்காரரைத் திட்டினார். அதே பாட்டு ரேடியோவில் வந்தால், “என்னடா இது, தூங்கி வழியறாங்க,” என்பான் அண்ணன். கல்லூரிப் போட்டிகளில் எங்கள் வேகத்துக்குக் கைதட்டல் வேறு கிடைத்தது.

கஷ்டப்பட்டது கிட்டார்க்காரரின் தொண்டைதான். பாட்டு மேலே ஏறும் இடம் வந்தால் கழுத்து நரம்பு புடைக்கும், குரல் கிழியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு டீ கொண்டுபோனேன். காலி டம்ளருக்காக நின்றுகொண்டிருந்தபோது அவர் பாட முடியாமல் விட்ட இடத்தை என்னையறியாமல் நான் பாடிவிட்டேன். தினமும் வீட்டில் கேட்டுக் கேட்டுக் காதில் ஊறிய பாட்டு. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இந்த ஒரு லைன மட்டும் நீ பாடிடு மா,” என்றார் கிட்டார்க்காரர்.

ஒரு லைன் ஒரு பாட்டாகி, அந்த மழைக்காலம் முடிவதற்குள் எல்லாப் பாட்டும் என்னிடம் வந்துவிட்டது. டீ கொண்டுவரும் வேலையை அதன்பிறகு நான் செய்யவில்லை.

அப்போது எனக்கு சிவாஜிநகர் பக்கம் ஒரு ஆபீஸில் டெலிபோன் போர்டில் வேலை. நாள் முழுக்க மெல்லிய குரலில் ‘கொஞ்சம் லைன்ல இருங்க’ என்று சொல்வதற்குத்தான் சம்பளம். பஸ்ஸிலும் மெல்லிய குரல்தான். ஆற்றுத் தண்ணீர்ச் சண்டையில் தமிழர்கள் மேல் கலவரம் நடந்த அந்த வருஷத்துக்குப் பிறகு எங்கள் தெருக்காரர்கள் பஸ்ஸில் தமிழைக் கிசுகிசுவென்றுதான் பேசுவார்கள். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. ஒருநாள் காலை, மூன்று பேர் உட்காரும் லேடீஸ் சீட்டில் இரண்டு பெண்கள் தாராளமாகப் பரந்து உட்கார்ந்திருந்தார்கள். அல்சூர் ஸ்டாப் வரை நின்றபடி பார்த்தேன். என் பக்கம் யாரும் திரும்புவதாக இல்லை. “நகர்ந்து உக்காருங்க,” என்றேன், பஸ் முழுக்கக் கேட்கும்படி, தமிழில். டிரைவர்கூட கண்ணாடியில் பார்த்தார். அவர்கள் நகர்ந்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அந்த வார்த்தை பஸ்ஸின் கடகடச் சத்தத்தோடு மண்டைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் குடோனில் அண்ணனை அதே கடகடவை வாசிக்கச் சொல்லிப் பாடினேன். ராக்கில் தமிழா, அதுவும் இந்த ஊர் மேடையிலா என்று கிட்டார்க்காரர் தயங்கினார். பாடிப் பார்க்கலாம் என்றேன். ஆபீஸில் அமுக்கி வைத்த குரலெல்லாம் அதில் வெளியே வந்தது. எங்கள் சொந்தப் பாட்டு என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது.

தெரிந்தவர் மூலமாக ஒரு ஸ்டுடியோவில் ஒரு மத்தியானம் கிடைத்தது. பக்திப் பாட்டும் கடை விளம்பரமும் பதிவு செய்யும் சின்ன இடம். ஒலிப்பதிவாளர் கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். தன் கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினார். கிட்டாரோடு சேரவில்லை. பக்கத்துக் கட்டையை அழுத்தினார். அதுவும் சேரவில்லை; எங்கள் சுருதி இரண்டுக்கும் நடுவில் நின்றது.

“எத வெச்சு டியூன் பண்றீங்க?”

“டேப்ப வெச்சுதான் சார்,” என்றான் அண்ணன்.

பையிலிருந்த கேசட்டை வாங்கித் தன் டெக்கில் போட்டார். எங்களுக்கு மனப்பாடமான பாட்டு மந்தமாக, கனமாக, கிட்டத்தட்ட ஒரு கட்டை கீழே வந்தது. கிட்டார்க்காரர் கூடவே பாட ஆரம்பித்தார். மேலே ஏறும் இடம் வந்தது. நரம்பு புடைக்கவில்லை, குரல் கிழியவில்லை. பாடி முடித்தபோது அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். இத்தனை நாள் தன் குரலில் கோளாறு என்று நினைத்திருந்த மனுஷன். அவருக்காக எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நிமிஷமே இன்னொன்றும் உறைத்தது. அவருக்கு எட்டாததால்தான் நான் வந்தேன். இனி எதுவும் அவருக்கு எட்டும்.

“கம்பிய இறக்கிடலாம்,” என்றார் கிட்டார்க்காரர். “நம்ம பாட்டையும் அப்படியே இறக்கி நானே பாடிடறேன். கீபோர்டும் சேரும்.”

“கரெக்ட்,” என்ற ஒலிப்பதிவாளர் என் பக்கம் திரும்பினார். “நீ ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாட்கோ மா. பின்னாடி கோரஸ் பாடு, நல்லா இருக்கும்.”

கொஞ்சம் அனுசரித்துப் போ என்பது இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் சொல்லப்படும் மருந்து. நானும் எத்தனையோ தடவை விழுங்கியிருக்கிறேன். அன்று தொண்டையில் இறங்கவில்லை.

“டேப்ல இருந்து எடுத்த பாட்டெல்லாம் இவரே பாடட்டும்,” என்றேன். “இது டேப்ல இருந்து வரல. என் தொண்டையில இருந்து வந்துது. இத நான்தான் பாடுவேன், இதே சுருதியில. கம்பிய யாரும் தொடக் கூடாது.”

“கீபோர்ட் சேராதேம்மா.”

“கீபோர்ட் வேண்டாம் சார்.”

“அப்ப கிட்டாரும் வேண்டாமா?” என்று கேட்ட கிட்டார்க்காரர், கிட்டாரை மடியில் போட்டுக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் இருவரையும் பார்த்துவிட்டு அசட்டுச் சிரிப்புச் சிரித்தான்.

“ட்ரம்ஸுக்கு ஏது சுருதி? நான் ரெண்டு பக்கமும் வாசிப்பேன்.”

“அப்ப இப்ப என் பக்கம் வாசி,” என்றேன்.

சிரிப்பு நின்றது. குச்சியை எடுத்தான். கடகடவென்று பஸ் கிளம்பியது, நான் பாடினேன். பயமாகத்தான் இருந்தது. ஒரு இடத்தில் பிசிறினாலும் என் கதை அதோடு முடிந்தது என்று தெரியும். கண்ணை மூடவில்லை, மூலையில் இருந்தவரையே பார்த்துக்கொண்டு பாடினேன். முதல் ‘நகர்ந்து உக்காரு’வுக்கு அவர் நிமிரவில்லை. இரண்டாவதற்கு நிமிர்ந்தார். மூன்றாவதற்கு எழுந்து வந்து, முறுக்கி வைத்த கம்பிகளை இருந்தபடியே ஓங்கி அடித்தார். கேட்பவர்கள் மெச்சும் அந்த நுழைவு இப்படி வந்ததுதான். கடைசியில் ‘டங்’ என்று கேட்பதும் மெல்லிய கம்பி அறுந்த சத்தம்தான்.

ஒலிப்பதிவாளர் முதலிலிருந்தே டேப்பை ஓடவிட்டிருந்தார்; அந்த ஒரு தடவை பாடியதுதான் பதிவானது. அந்தப் பதிவு கேசட்டிலிருந்து கேசட்டுக்குக் கல்லூரி ஹாஸ்டல்களில் பரவியது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, நாங்கள் ஆளுக்கொரு வேலைக்குப் பிரிந்து போயிருந்த காலத்தில், ஒரு கல்லூரி விழாவுக்குக் கூப்பிட்டார்கள். கிட்டார்க்காரர் சின்ன டியூனர் ஒன்று வாங்கி வைத்திருந்தார். சுருதி சேர்ந்தால் பச்சை விளக்கு, சேராவிட்டால் சிவப்பு. தன் பாட்டுகளைப் பச்சை விளக்கு பார்த்து அழகாகப் பாடினார். எங்கள் பாட்டு வந்தபோது கம்பிகளை மேலே முறுக்க ஆரம்பித்தார். மைக் சரிசெய்ய வந்தவர் பதறிவிட்டார்.

“சார், சேரல. சிவப்பு எரியுது பாருங்க.”

“இந்தப் பாட்டுக்கு அது அப்படித்தான் எரியும்,” என்று டியூனரை அணைத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். “நீ ஆரம்பி மா. நான் வந்து சேர்ந்துக்கறேன்.”