நோட்டுக்காரர் வீட்டுப் பெட்டி

காலை ஆறு பத்துக்கு அவர் மடிக்கணினியின் திரையில் ஆள்காட்டி விரலை வைத்து வரி வரியாகக் கீழே இறக்கிக்கொண்டு வருகிறார். விரலுக்கு மேலே இருப்பது படித்தது, கீழே இருப்பது படிக்காதது. திரை முழுக்க ரேகை விழுகிறது என்று மனைவி ஆயிரம் தடவை சொல்லியாகிவிட்டது. பக்கத்தில் காபி ஆறிக்கொண்டிருக்கிறது. "யாரு வந்தாங்க, எப்ப வந்தாங்க, எப்ப போனாங்க, அதைப் பார்க்காம ஒரு நாளை எப்படித் தொடங்கறதுங்கறேன்?" என்று கேட்கிறார். அந்த வீட்டுக்கு அப்படியொன்றும் ஆள் வருவதில்லை. அவர் சொல்வது, அலமாரியின் இரண்டாம் தட்டில் இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கறுப்புப் பெட்டிக்கு வருகிறவர்களை.

தொழில் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தோரு வருட சர்வீஸ். ஒவ்வொரு கட்டடத்தின் மெஷின் ரூமிலும் கயிற்றில் ஒரு நோட்டு தொங்கும். யார் வந்தார்கள், என்ன பழுது பார்த்தார்கள் என்று தேதி போட்டு எழுதிக் கையெழுத்திட வேண்டும். மற்ற மெக்கானிக்குகள் மெஷினைப் பார்த்துவிட்டு நோட்டைப் பார்ப்பார்கள், சிலர் அதுவும் பார்க்க மாட்டார்கள். இவர் நோட்டைப் படித்து முடிக்காமல் ஸ்பேனரைத் தொட மாட்டார். ஒருமுறை சக மெக்கானிக் ஒருவர் "ரோப்புக்கு எண்ணெய் விடப்பட்டது" என்று எழுதியிருந்ததைப் பார்த்து, "மேல நின்னுக்கிட்டு எழுதினா கோடு இவ்வளவு நேரா வருமா? டீக்கடை மேசையில உக்காந்து எழுதியிருக்கான்" என்றார். மேலே ஏறிப் பார்த்தால், லிஃப்டைத் தூக்கும் அந்தக் கம்பிக் கயிறு காய்ந்து கிடந்தது. அன்றிலிருந்து கம்பெனியில் அவர் பெயர் நோட்டுக்காரர். அவருக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. "மனுஷன் மறப்பான், இல்லன்னா மறைப்பான். நோட்டு ரெண்டும் செய்யாது. எழுதலன்னா நடக்கல, அவ்வளவுதான்."

பெட்டி மகன் வாங்கி வைத்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால், கல்லூரியில் படிக்கும்போது, பகுதி நேர வேலையில் சேர்த்ததைக் கொண்டு வாங்கினான். உள்ளே இரண்டு ஹார்டு டிஸ்க். வீட்டுப் போட்டோக்கள், சினிமாக்கள், செத்துப்போன நாயின் வீடியோக்கள், நோட்டுக்காரர் ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து ஸ்கேன் செய்து ஏற்றிய வயரிங் வரைபடங்கள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் எந்த ஊரிலிருந்தும் இணையத்தின் வழியாக அதற்குள் போய்ப் பார்க்கலாம். முதலில் அவருக்கு இதெல்லாம் வெட்டி வேலையாகத்தான் பட்டது. உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் பெட்டி நேரம் போட்டுக் குறித்து வைக்கிறது என்று தெரிந்த அன்றைக்குத்தான், "அட, இதுக்குள்ளயும் ஒரு நோட்டு இருக்கா!" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மகனைத் தன் கம்பெனியிலேயே சேர்த்துவிட்டதுதான் அவர் செய்த தப்பு. பத்தொன்பதாவது நாள் பையன் வேலையை விட்டான். விட்டதுகூடப் பரவாயில்லை. எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்த இடத்தில், "காலம் பூரா லிஃப்ட் பள்ளத்துல எறங்கிக் கிரீஸ் தொடச்சிட்டு, நோட்டுல கையெழுத்துப் போடறதெல்லாம் ஒரு வேலையாப்பா?" என்று கேட்டுவிட்டான். அங்கே இவர் டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தார். வீட்டுக்கு வந்து, "இனிமே எங்கிட்டப் பேசறதா இருந்தா யோசிச்சுப் பேசு" என்று ஒரே வாக்கியம் சொன்னார். மகன் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போனான். நான்கு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறான். பிடிவாதத்தில் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த பிள்ளை.

அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை தோறும் பேசுவான். போன் அடித்ததும் நோட்டுக்காரர் எழுந்து போய்த் துணி மடிப்பார், அல்லது ஒழுகாத குழாயின் வாஷரைக் கழற்றி மாட்டுவார். போன் வைத்தபின் என்ன பேசினான் என்று கேட்க மாட்டார். கேட்க வேண்டிய தேவையும் இல்லை. பெட்டியின் பதிவேட்டில் மகன் பெயர் வருகிறது. செவ்வாய், வியாழன் இரவு எட்டரைக்குள் வந்தால் வேலை நேரத்தோடு முடிந்திருக்கிறது. சனிக்கிழமை வரவில்லையென்றால் சிநேகிதர்களோடு எங்கோ போயிருக்கிறான். நாய் வீடியோவைத் திறந்திருந்தால் மனசு சரியில்லை. ஒரு புதன்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு வந்திருந்ததைப் பார்த்துவிட்டு மனைவியிடம், "லீவு போட்டிருக்கான். காய்ச்சலா இருக்கும். கேட்டுப் பாரு" என்றார். கேட்டால் நூற்றிரண்டு டிகிரி. "உங்கப்பாதான்டா சொன்னாரு" என்று மனைவி போட்டுக் கொடுத்துவிட்டார்.

மனைவி மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார். சுவரில் மாட்டிய அட்டையைக் காட்டி, "இந்த எழுத்து தெரியுதா, இது தெரியுதா?" என்று நாள் முழுக்க ஊராரைப் படிக்க வைப்பது அவருடைய பிழைப்பு. "உள்ளூர்ல இருக்கிற என்னை ஒரு வார்த்தை கேட்டா போதும், அவனைப் பத்தி முழுசாச் சொல்லிடுவேன். இவருக்கு மிஷின் சொன்னாத்தான் நம்பிக்கை" என்று கடையில் சொல்லிச் சிரிப்பாராம்.

பெட்டிக்கு வயதாகிவிட்டது. போன வருடமே தள்ளாட ஆரம்பித்தது. படம் திறந்தால் பாதியில் நிற்கும். போட்டோக்கள் ஒவ்வொன்றாக, மனசில்லாமல் வரும். மெமரி போதவில்லை, அதை ஓட்டும் மென்பொருளும் பழசு; புதிய பதிப்பு வந்து இரண்டு வருடமாகிறது. தெரிந்துதான் இருந்தது. நோட்டுக்காரர் வழிமுறைகளை அச்செடுத்து, பதினான்கு படிகளுக்கும் பக்கத்தில் கட்டம் போட்டு வைத்திருந்தார். பதினோராவது படியைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு, காகிதத்தை நான்காக மடித்து டிராயரில் போட்டுவிட்டார். அந்தப் படி சொன்னது இதுதான்: புதிய பதிப்பில் பழைய பாஸ்வேர்டுகள் செல்லாது. ஒவ்வொருவருக்கும் புதிதாக ஒன்றைக் கொடுக்க வேண்டும்.

கொடுப்பதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். கஷ்டம் அவரே போட்ட சட்டத்தில் இருந்தது. மெஷின் ரூம் சாவியை அடுத்தவர் கையில் கொடுத்தனுப்பக் கூடாது, பூந்தொட்டிக்கு அடியில் வைத்துவிட்டு வரக் கூடாது, வாங்குகிறவனை நேரில் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்பது தொழிலில் அவருடைய சட்டம். பாஸ்வேர்டும் சாவிதான். அதை மெசேஜில் அனுப்பக் கூடாது, வாயால்தான் சொல்ல வேண்டும் என்று பெட்டி வந்த புதிதில் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னவர் அவர்தான். இப்போது அந்தச் சட்டப்படி மகனோடு பேச வேண்டும். மாற்றாமல் விட்டால் பெட்டி ஒரு நாள் நின்றுபோகும். மாற்றினால் மகன் வெளியே நிற்பான்.

டிராயரைத் திறக்க வைத்தது ஒரு பதினோரு நாட்கள். பதிவேட்டில் மகன் பெயர் வரவில்லை. முதல் மூன்று நாள் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. ஐந்தாம் நாள் தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமையும் போன் வரவில்லை; "வேலை இருக்கும்" என்று மனைவி சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார். இவர் பயந்துபோனார். கண்ட்ரோல் பேனலைத் திறந்து வைத்துக்கொண்டு எதற்குத் திறந்தோம் என்று மறந்து நின்றதாகக் கம்பெனியில் சொல்கிறார்கள். பதினோராம் நாள் மகன் அம்மாவைக் கூப்பிட்டான். ஊரில் இல்லை, வேலையாக வெளியூர் போயிருந்தானாம். "பெட்டியைத் திறந்து பார்த்தானாம், சுத்திக்கிட்டே இருக்காம், உள்ளயே விடமாட்டேங்குதாம்" என்று மனைவி சமையலறையிலிருந்து சொன்னார். நோட்டுக்காரர் மடித்துக்கொண்டிருந்த துண்டை அப்படியே போட்டுவிட்டு டிராயரைத் திறந்தார்.

மெமரிப் பட்டை வாங்கியதில் முதல் சறுக்கல். கடைக்காரர் கொடுத்தது மேசைக் கணினிக்கு உரிய நீளப் பட்டை. அட்டையில் எழுதியிருந்ததைப் படிக்காமல் வாங்கி வந்துவிட்டார், அவர்! மனைவி இதை மூன்று நாள் வைத்து ஓட்டினார். "நோட்டுக்காரருக்கே எழுத்து தெரியலையா? கடைக்கு வாங்க, ஓசியில டெஸ்ட் பண்ணி விடறேன்." மாற்றி வாங்கிய குட்டைப் பட்டை சரியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை தொடங்கி இரண்டு நாள், பெட்டியில் இருந்ததையெல்லாம் வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுத்தார். ஞாயிறு காலை வேலைக்குக் கிளம்பும் ஆள்போல் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தார். பெட்டியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அந்த சுவிட்சில் "வேலை நடக்கிறது, இயக்காதே" என்ற கம்பெனிப் பலகையை மாட்டினார். பக்கத்து சுவிட்சிலும் ஒன்று. மிக்ஸி போட வழியில்லாமல் மனைவி நின்றார். "வீட்டுல இருக்கிறது ரெண்டு பேர். யாருக்குங்க இந்த போர்டு?" "போர்டு வைக்காம கை வச்சவன் எத்தனை பேரு விரல் இல்லாம இருக்கான் தெரியுமா?" பெட்டிக்குள் ஓடுவது விரலை எடுக்கிற மின்சாரம் அல்ல என்று அவருக்கும் தெரியும்.

உடம்பில் தேங்கும் நிலைமின்சாரம் பட்டையைக் கெடுத்துவிடாமல் இருக்கக் குளியலறைக் குழாயை ஒருமுறை தொட்டுவிட்டு வந்தார். கழற்றிய ஆறு திருகுகளையும் காகிதத்தில் வரைந்த பெட்டிப் படத்தின் மேல் அதனதன் இடத்தில் வைத்தார். பட்டையைச் சாய்த்துச் செருகி அமுக்கினார். மூடி, மின்சாரம் கொடுத்தார். பெட்டி மூன்று முறை கீச்சிட்டுவிட்டு விளக்கைச் சிமிட்டிக்கொண்டே நின்றது. மறுபடி பிளக்கைப் பிடுங்கினார். பத்து நிமிடம் கழித்துத் திறந்து பார்த்தால் பட்டையின் ஒரு பக்கம் சரியாக உட்காரவில்லை. இரண்டு கட்டைவிரலையும் வைத்து அமுக்கியதும் 'டக்' என்றது. "கதவு லாக் விழுந்த மாதிரி இருக்கு" என்று சத்தமாகவே சொன்னார்.

அடுத்து மென்பொருள். திரையில் சதவீதம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு படியும் முடிந்ததும் கட்டத்தில் டிக் அடித்து, பக்கத்தில் நேரமும் எழுதினார். பெட்டி தானாக இரண்டு முறை அணைந்து எழுந்தது. பத்து இருபதுக்குப் புதிய முகப்பு வந்தது. ஒவ்வொரு கோப்புறையாகத் திறந்து பார்த்தார். எல்லாம் இருந்தன. நாய் ஓடியது, நிற்காமல் ஓடியது. பதினோராவது படியில் மகனுக்காக ஒரு பாஸ்வேர்டு போட்டார். அதிலும் கஞ்சத்தனம் இல்லை. பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் எண்ணும் குறியுமாக இருபத்திரண்டு. அதைக் கட்டை எழுத்தில் எழுதி மனைவியிடம் நீட்டினார்.

"அவன் கூப்பிடுவான்ல, படிச்சுச் சொல்லிடு."

"எனக்கு இந்த எழுத்தெல்லாம் தெரியாதுங்க."

"தினமும் ஊருக்கே படிச்சுக் காட்டறவ நீ!"

"அங்க கேக்கறதுதான் என் வேலை. படிக்கிறது வர்றவங்க வேலை." சொல்லிவிட்டு, மகன் எண்ணை அழுத்தி, போனை அவர் முன்னால் மேசையில் வைத்தார். ஒலிபெருக்கியையும் போட்டுவிட்டார். குழாய், துண்டு என்று எழுந்து போக அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

"என்னம்மா, இந்த நேரத்துல?"

"அம்மா இல்ல."

மறுமுனையில் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தெருச் சத்தம் நின்றது.

"பெட்டி மாத்தியாச்சு" என்றார் நோட்டுக்காரர். "மெமரி போட்டாச்சு. பழைய பாஸ்வேர்டு செல்லாது. எழுதிக்கோ."

"ம். சொல்லுங்க."

நின்றுகொண்டே படித்தார். "பெரிய எழுத்து கே. சின்ன எழுத்து எம், மெஷினுக்கு வர்ற எம். ஏழு. அப்புறம் அந்த வேலி மாதிரி இருக்குமே, அது." "ஹேஷ்." "அதான். எழுதினியா?" "எழுதிட்டேன்." பாதியில் ஒருமுறை நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். இருபத்திரண்டும் முடிந்தன. புதிய பாஸ்வேர்டு வேலை செய்கிறதா என்று பார்க்கத் திரையில் பதிவேட்டைத் திறந்தே வைத்திருந்தார். கடைசி எழுத்தைச் சொல்லி அரை நிமிடம் ஆகியிருக்காது, மேலே புதிதாக ஒரு வரி விழுந்தது. மகன் பெயர், பத்து நாற்பத்திரண்டு, உள்ளே வந்தார். அடுத்த வரியும் விழுந்தது: நாய் கோப்புறை திறக்கப்பட்டது.

"அப்பா" என்றது போன். "நடுவுல ஏதோ விட்டுட்டேன் போலருக்கு. உள்ள விடமாட்டேங்குது. முதல்லேருந்து இன்னொரு தடவை சொல்றீங்களா?"

அவர் திரையைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு மடிக்கணினியின் மூடியைச் சத்தம் வராமல் மூடிவிட்டு, காகிதத்தில் முதல் எழுத்துக்குக் கீழே விரலை வைத்தார்.